சகலையின் நீல வயர்

அந்தப் பையை மிதிச்சிராதீங்க தம்பி. நீங்க மிதிச்சீங்கன்னு சொல்லல, மிதிச்சிராதீங்கன்னு முன்கூட்டியே சொல்லுதேன். உள்ள கிடக்கது வயரு. கண்டக்டர் லக்கேஜ் போடணும்னு மல்லுக்கட்டினாரு. மடியில வச்சுக்கிடுதேன்னு ஏறிட்டேன். மடியில கனம் தாங்கல, கீழ எறக்கிட்டேன். பாளையங்கோட்டை வரைக்கும் வாறீங்களா? நல்லதாப் போச்சு. காதுல மாட்டியிருக்கீங்கள்ளா, அதுல ஒரு பக்கத்தை மட்டும் கழட்டிக்கிடுங்க. அதுக்கு வயரே இல்லையே. சரி, இருக்கட்டும். அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

என் பேரு வேதமுத்து. வேதமுத்து சவுண்ட் செட்டுன்னு சாத்தான்குளம் பக்கம் யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கல்யாணம், சடங்கு, கட்சி மீட்டிங்கு எல்லாத்துக்கும் போடுவேன். அதெல்லாம் சோத்துக்கு. பேருக்குன்னு ஒண்ணு உண்டு. ஈத்தாவிளை கோயில் பிரதிஷ்டை பண்டிகை. நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். இருபத்தாறு வருசம் அந்தப் பண்டிகைக்கு என் செட்டுதான். இந்த வருசம் அது என் சகலைக்குப் போயிட்டு. எங்க வீட்டுல உள்ளவ தங்கச்சியைக் கட்டினவன், எபனேசர்னு பேரு, என்னைவிட எட்டு வயசு எளையவன்.

எனக்குப் பொறாமைன்னு ஊருக்குள்ள பேசுதாங்க. பொறாமைப்பட அவன்கிட்ட என்ன இருக்கு? ஒரு நீல வயரு இருக்கு. அவ்வளவுதானே.

செட்டுன்னா எல்லாரும் ஸ்பீக்கர் பெட்டியைத்தான் பாப்பாங்க. நான் வயரைப் பாப்பேன். சத்தம் மைக்குல பொறக்கும்போது கொசு மாதிரி இருக்கும் தம்பி. அந்தக் கொசு, போதகர் நிக்க ஆல்டர்ல இருந்து பின்வாசல்ல நான் உக்காந்திருக்க மேசை வரைக்கும் வந்து சேரணும். வழியில ட்யூப்லைட்டு நிக்கும், ஃபேன் சுத்தும், ஜெனரேட்டர் லைன் குறுக்க ஓடும். எல்லாம் அதோட கலக்கப் பாக்கும். கலந்துட்டுன்னா பெட்டியில 'ங்ம்ம்ம்'னு மாடு உறுமுத மாதிரி வரும். வராம இருக்கணும்னா வயரு நல்லா இருக்கணும். நல்ல செம்பு, அதுக்கு மேல சல்லடை மாதிரி கம்பிப் பின்னல், அதுக்கு மேல ரப்பர். என் வயரு அப்படி. இருபத்துநாலு லைனை ஒண்ணாச் சேத்துக் கட்டியிருக்கேன். மலைப்பாம்பு மொத்தம் இருக்கும். இருபத்துநாலுன்னா நாப்பத்தெட்டு முனை. அத்தனையும் என் கையால ஈயம் வச்சது. ஞானப்பூ, அதான் எங்க வீட்டுல உள்ளவ, எதிர்ல உக்காந்து முனையைப் பிடிச்சுக்கிட்டா. அவ பெருவிரல்ல சுட்ட தழும்பு இன்னும் கிடக்கு. அப்படி உண்டான வயரு.

காதும் அப்படித்தான். ஸ்கூலுக்கு அஞ்சு வருசந்தான் போனேன், ஆனா காதுக்கு ஒரு குறையும் வைக்கல கர்த்தர். பாடகர் குழுவுல ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஜலதோசம் பிடிக்கப் போவுதுன்னா இன்னைக்கே அது குரல்ல கேட்டுச் சொல்லிருவேன். எங்க போதகர் ஐயா ஒருதடவை ஆல்டர்ல நின்னே சொன்னாரு, வேதமுத்துக்குக் காது கர்த்தர் வரமாக் குடுத்த தாலந்துன்னு. அன்னைக்கு இந்த எபனேசர் மஸ்கட்டுல ஏதோ ஓட்டல்ல விளக்கு மாட்டிக்கிட்டு இருந்தான்.

ஈத்தாவிளைப் பண்டிகையில ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிஞ்சதும், கோயிலைக் கட்டினவங்களை நினைச்சு மூணு நிமிசம் மௌன ஜெபம். மைக்கு அத்தனையும் திறந்தே கிடக்கணும். ஏன்னா ஐயா எப்ப ஆமென் சொல்லுவாருன்னு தெரியாது. மூச்சு விடுத மாதிரி மெதுவாச் சொல்லுவாரு. அந்த ஆமென் கடைசி பெஞ்சுல உள்ள கெழவிக்கும் கேக்கணும். யோசிச்சுப் பாருங்க. ஆயிரம் பேரு கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்க. பன்னெண்டு மைக்கு திறந்து கிடக்கு. பெட்டியில இருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரக்கூடாது. செட்டுக்காரன் யாருன்னு அந்த மூணு நிமிசத்துலதான் தெரியும். இருபத்தாறு வருசம் என் பெட்டி வாயைத் திறக்கல தம்பி. ஆமென் சொன்ன உடனே சனங்க திரும்பி என்னைப் பாப்பாங்க. ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பாப்பாங்க. எனக்கு அது போதும்.

இருபத்தாறுன்னா சொன்னேன்? கடைசி மூணைக் கழிச்சுக்கிடுங்க. மூணு வருசமா ஒரு இரைச்சல் வந்துட்டு.

அது மாடு உறுமுத மாதிரி இல்ல. மெல்லிசா, சில்வண்டு மாதிரி, 'ஙீ'ன்னு ஒரு இழை. முதல்ல முனைகள்ல சந்தேகப்பட்டேன். நாப்பத்தெட்டையும் பிரிச்சுத் திரும்ப ஈயம் வச்சேன். போகல. எர்த்து குழியில உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்தினேன். போகல. முனையில தங்க முலாம் பூசின வயரு மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன். விலையைக் கேக்காதீங்க, எங்க வீட்டுல உள்ளவளுக்கே இன்னும் சொல்லல. அதுலயும் அதே இரைச்சல். அப்புறம் பாத்தா மத்தவன் செட்டுலயும் கேக்குது. திருச்செந்தூர்ல கேக்குது, உடன்குடியில கேக்குது. அப்பதான் எனக்குப் புரிஞ்சது. இப்ப வாற செம்பே சரியில்ல. கலப்படம்.

மத்தவங்களுக்குக் கேக்கலையான்னு கேப்பீங்க. கேக்கலங்காங்க. அவங்களுக்கு எப்படிக் கேக்கும்? தாலந்து வேணும்லா. ஒரு கல்யாணத்துல, மாப்பிள்ளை 'உன்னை என் மனைவியாக'ன்னு வாயெடுக்க நேரம், கையைக் காட்டி நிறுத்திட்டேன். ரெண்டு நிமிசம் பொறுங்க, லைன்ல இரைச்சல் இருக்கு, பாத்துருதேன்னேன். பொண்ணோட அப்பா என்னை ஒரு மாதிரி பாத்தாரு. வேலையில சுத்தம் பாக்கவனை உலகம் அப்படித்தான் பாக்கும். வீட்டுலயும் விடல. ஃப்ரிட்ஜு வயருல இருந்து வருதோன்னு ரெண்டு நாள் ஃப்ரிட்ஜை அணைச்சுப் போட்டேன். அயிலை மீன் பூரா கெட்டுப் போச்சு. ஞானப்பூ மீனை வாளியில அள்ளிக்கிட்டுப் போயி தென்னைக்குப் போட்டா.

போன வருசப் பண்டிகையில மௌன ஜெபத்தப்ப எனக்குப் பொறுக்கல. கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்காங்கன்னு தவந்துக்கிட்டே ஆல்டர் வரைக்கும் போயிட்டேன். ஐயா காலுக்குக் கீழ மைக்கு வயரைத் தடவிப் பாத்தேன். அவரு கண்ணைத் திறந்தாரு, என்னைப் பாத்தாரு, ஆமென் சொல்ல மறந்துட்டாரு. அந்த மௌன ஜெபம் ஏழு நிமிசம் போச்சு. அதுக்கு அப்புறம்தான் கமிட்டியில சகலை பேரு அடிபட ஆரம்பிச்சது. எல்லாம் அவன் உள்ள பூந்து செஞ்ச வேலை. வேற என்ன காரணம் இருக்கப் போவுது?

மஸ்கட்டுல இருந்து வந்து எறங்கினானே, வெறுங்கையோட எறங்கினானா. ஒரு டிஜிட்டல் செட்டைக் கொண்டு வந்து எறக்கினான். ஆல்டர் பக்கத்துல பெட்டி ஒண்ணு, நம்ம டிபன் கேரியர் அளவு வைங்க. மைக்கு எல்லாம் அதுல சொருகிருவான். அதுல இருந்து பின்வாசலுக்கு ஒரே ஒரு வயரு. நீல வயரு. உங்க வீட்டுல இன்டர்நெட்டுக்கு இழுத்திருப்பாங்களே, அதே வயரு. என் சுண்டுவிரல் மொத்தம் இல்ல. என் மலைப்பாம்பை இழுக்க நாலு ஆளு வேணும். அவன் இடது கையில சுருட்டி வலது கையில டீ குடிக்கான். அப்புறம் டேப்லெட்டைத் தட்டிக்கிட்டே கோயிலைச் சுத்தி உலாத்துவான். மேசையில உக்கார வேண்டிய அவசியமே இல்ல. ஒரு கிறிஸ்மஸ் ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது ஞானப்பூ சொல்லுதா, "அவரு சட்டை மடிப்பு கலையாம இருக்கு, பாத்தியளா." என் சட்டையைப் பாத்தேன். முழங்கையில கரி. இருபத்தாறு வருசமா என் சட்டையை அவதான் துவைக்கா. மடிப்பைப் பத்தி ஒருநாள் பேசினதில்ல. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. பொறாமை இல்ல தம்பி. சுருக்குன்னு இருந்தது.

மாமனார் வீட்டுல ஒருநாள் சாப்பிட உக்காந்தப்ப கேட்டேன். ஏம்பா, இந்தத் துளியூண்டு வயருல பன்னெண்டு மைக்கு எப்படிப் போவுதுன்னு. அவன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான்.

"அண்ணாச்சி, உங்க வயருல சத்தமே ஓடுது. அதனால வழியில எது தொட்டாலும் ஒட்டிக்கிடும். என் வயருல சத்தம் ஓடல, எண்ணு ஓடுது. இந்த முனையில சத்தத்தை எண்ணாக்கி அனுப்பிரும். அந்த முனையில எண்ணைத் திரும்ப சத்தமாக்கிரும். வந்தா முழுசா வரும். வயரு அறுந்தா ஒண்ணுமே வராது. நடுவுல இரைச்சல் வந்து நிக்க எடமே இல்ல."

அப்ப தங்க முலாம் பூசின வயரு போட்டா இன்னும் நல்லா இருக்குமான்னு கேட்டேன். சும்மா கேக்குத மாதிரிதான் கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி? எண்ணு ஒழுங்காப் போயிச் சேந்தா சாதா வயரும் தங்க வயரும் ஒண்ணுதான்"னான். மாமியார் அவன் எலையில இன்னொரு மீன் துண்டு வச்சாங்க. நடுத்துண்டு. எனக்கு முதல்லயே வச்சிருந்தாங்க, வால்துண்டு.

சத்தமே போகாத வயரு என்ன வயரு, சொல்லுங்க? கல்யாணத்துக்கு ஆளு வராம ஆதார் நம்பரை அனுப்பி வைக்குத மாதிரி. ஆனா கேக்கதுக்கு நல்லாத்தான் இருந்தது. அதையும் சொல்லிருதேன். அவன் செட்டுல பாட்டு கேட்டா தண்ணி மாதிரி இருக்கும். நான் போயி மறைவா நின்னு கேட்டிருக்கேன். கேட்டுட்டு வந்தா அன்னைக்குச் சோறு எறங்காது.

இந்த வருசப் பண்டிகை வந்தது. நான் போகமாட்டேன்னுதான் இருந்தேன். வெள்ளை வேட்டி தானா வந்து இடுப்புல ஏறிட்டு. பின்வாசல் தூண் பக்கத்துல, அவன் மேசைக்கு நாலடி தள்ளி உக்காந்தேன். உள்ளதைச் சொல்லுதேன், நீங்க பாளையங்கோட்டையில எறங்கிப் போற ஆளு. நான் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இவன் செட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இரையணும்னு கேட்டேன்.

பிரசங்கம் முடிஞ்சது. மௌன ஜெபம்னாரு ஐயா. ஆயிரம் பேரும் தலையைக் குனிஞ்சாங்க. நானும் குனிஞ்சேன். 'ஙீ'ன்னு கேட்டது.

தம்பி, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. அதே இரைச்சல். நீல வயருலயும் அதே இரைச்சல். எண்ணாவது, மண்ணாவது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுட்டாருன்னு நினைச்சேன். உக்கார முடியல. எந்திரிச்சு நின்னு, "செட்டு இரையுது"ன்னு சொல்லிட்டேன்.

ஆயிரம் பேரு கண்ணைத் திறந்து திரும்பினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஐயா ஆல்டர்ல இருந்து, வேதமுத்து உக்காரும்னாரு. நான் உக்காரல. இரைச்சல் கேக்குது ஐயா, யாருக்கும் கேக்கலையான்னேன். பாடகர் குழுவைப் பாத்தேன். அதுங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டுது. அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில ஞானப்பூ முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டா.

எபனேசர் கோவப்படுவான்னு நினைச்சேன். படல. கோவப்பட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். டேப்லெட்டுல எல்லா மைக்கையும் அடிமட்டத்துக்கு எறக்கினான். "இப்ப, அண்ணாச்சி?" கேக்குதுன்னேன். எந்திரிச்சு வந்து நீல வயரை உருவி எடுத்துட்டான். "இப்ப?" இன்னும் கேக்குதுன்னேன். பெட்டிகளுக்குப் போற கரண்டை அணைச்சான். கேக்குதுன்னேன். கூட்டத்துல எவனோ ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் சன்னல் வழியா ஜெனரேட்டர்காரருக்குக் கையைக் காட்டினான்.

ஜெனரேட்டர் நின்னுது. ஃபேன் எல்லாம் சுத்திச் சுத்தி ஓஞ்சுது. லைட்டு போச்சு. பகல் வெளிச்சம் மட்டும் சன்னல்ல. ஓட்டு மேல காக்கா நடக்குது, அந்த நகம் கேக்குது எனக்கு. முன்வரிசையில ஒரு கைப்பிள்ளை விக்குது, அது கேக்குது. யாரோ வளையலைத் தள்ளிவிட்டுக்கிட்டாங்க, அது கேக்குது. எல்லாத்துக்கும் அடியில 'ஙீ'.

எபனேசர் என் பக்கத்துல வந்து, எனக்கு மட்டும் கேக்குத மாதிரி கேட்டான்.

"இப்ப, அண்ணாச்சி?"

நான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கும் தெரிஞ்சு போச்சு. ஊருக்கு மட்டும்தான் தெரியல.

"இப்ப இல்ல. நின்னுட்டு"ன்னேன், சத்தமா.

கோயில் பூரா ஒரு முணுமுணுப்பு. அப்ப செட்டுலதான் கோளாறா, அப்பவே சொன்னேன், புது மாடல்னா அப்படித்தான்னு ஆளாளுக்கு. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தா நான் அங்கயே செத்தேன். வயரை உருவினப்புறம் செட்டு எப்படிய்யா இரையும்னு கேட்டா முடிஞ்சது கதை. கேக்கல. ஐயாவைப் பாத்துச் சொன்னான்.

"அண்ணாச்சி காது தப்பாது ஐயா. கோளாறு என் செட்டுலதான். மன்னிச்சுக்கிடுங்க."

அடுத்த வருசத்துக்குச் செட்டு எனக்கே வந்துட்டு. அசனம்னு கோயில்ல எல்லாருக்கும் சோறு போடுவாங்க, அந்தப் பந்தியிலயே கமிட்டிக்காரங்க வந்து சொல்லிட்டாங்க. வேதமுத்து காதுக்கு முன்னால டிஜிட்டல் என்ன செய்யும்னு ஒருத்தர் என் முதுகுல தட்டினாரு. பந்தியில என் பக்கத்துலதான் எபனேசர் உக்காந்திருந்தான். கறிக்கொழம்பை ஊத்திச் சாப்பிட்டான். சட்டை மடிப்பு அப்பவும் கலையல.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ஞானப்பூ அசனச் சோத்து வாளியை எறக்கி வச்சுட்டு, ஃப்ரிட்ஜு பக்கத்துல போயி நின்னா. சுவிட்சுல கையை வச்சுக்கிட்டு, என்னைப் பாக்காமக் கேட்டா. "இதை இன்னைக்கும் அணைக்கணுமா, இல்ல ஓடட்டுமா?" ஓடட்டும்னேன். சரின்னு வாளியைத் தூக்கி உள்ள வச்சா. இருபத்தாறு வருசம் முனையைப் பிடிச்சவ, அவளுக்குத் தெரியாதா.

செவ்வாய்க்கிழமை சகலை வந்திருக்கான். நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து, சீனி டப்பாவுக்கு அடியில ஒரு சீட்டு வச்சுட்டுப் போயிட்டான். பாளையங்கோட்டையில காது டாக்டர் ஒருத்தராம். பெட்டி பக்கத்துலயே வருசக்கணக்கா நின்னவங்களுக்குக் காதுக்குள்ளயே இப்படி ஒரு சத்தம் வருமாம். மஸ்கட்டுல அவன்கூட வேலை பாத்த ஒருத்தருக்கு வந்ததாம். அண்ணாச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னு ஞானப்பூகிட்ட சொல்லிட்டுப் போனானாம். என் மானத்தைக் காப்பாத்துதானாம். பாத்தீங்களா? செட்டுலதான் என்னைவிட நல்லா இருக்கான்னு பாத்தா, ஆளும் என்னைவிட நல்லவனா இருக்கான். இதை எங்க போயிச் சொல்ல.

அங்கதான் போறேன். வயரு எதுக்குன்னு கேக்கீங்களா? அந்த டாக்டர் காதுல ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு சத்தமா விட்டு, கேக்குதா கேக்குதான்னு கேப்பாராம். அந்த மெசினு வயரு என்ன வயரோ, யாரு கண்டா. கண்ட வயருல டெஸ்ட் பண்ணி இவனுக்குக் காது போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா? அதான் என் மலைப்பாம்புல இருந்து ரெண்டு லைனைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு வாறேன். முனை எல்லாம் புதுசா ஈயம் வச்சிருக்கேன். இதுல மாட்டிக் கேளுங்க டாக்டர்னு சொல்லுவேன். பாவம் தம்பி இந்த வயரு. மூணு வருசமா இதைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

பஸ்ஸு ஏன் நிக்குது? டீக்கா? சரி, நீங்க எறங்கணும்னா எறங்குங்க. இல்ல, ஒரு நிமிசம் இருங்க. டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டாரு. எல்லாரும் எறங்கிட்டாங்க. அந்த ரெண்டாவது பக்கத்தையும் காதுல இருந்து கழட்டுங்க. நல்லாக் கேளுங்க. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?

ஒண்ணும் கேக்கலையா.

சகலைக்கும் கேக்காது. அடுத்த பண்டிகைக்கு நான் செட்டுப் போட்டு மேசையில உக்காந்திருப்பேன். செட்டு இரையுதா இல்ல நான் இரையுதேனான்னு தெரியாம, மூணு நிமிசமும் பெட்டியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அவன் எங்கயாவது ஒரு பெஞ்சுல கண்ணை மூடிக்கிட்டு இருப்பான். ஐயா ஆமென் சொல்லுத வரைக்கும் அவனுக்கு மௌனம் கேக்கும். சுத்தமா, முழுசா.

நீல வயரை அவனே வச்சுக்கிடட்டும் தம்பி. டேப்லெட்டு, மஸ்கட்டு, மடிப்பு கலையாத சட்டை, நடுத்துண்டு மீனு எல்லாத்தையும் அவனே வச்சுக்கிடட்டும். அந்த மூணு நிமிசத்தைத்தான் எனக்குப் பொறுக்க முடியல.